ஒரு பானைச் சாம்பலும் ஓர் அமைதிக் கூட்டமும்

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையில் இருந்த மண்பானையைக் காட்டி என்ன இது என்று கேட்டார். சின்னையா என்றேன். அவருக்குப் புரியவில்லை. கிள்ளானில் என் வீட்டுக்கு எதிரே இருக்கும் உணவகத்தில் தேநீர் ஆற்றியவர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், மாரடைப்பில் போய்விட்டார், அங்கேயே எரித்தோம், இது அவருடைய சாம்பல், மனைவியிடம் சேர்க்கக் கொண்டுவந்திருக்கிறேன் என்று விளக்கி, மலேசியாவில் கொடுத்த சான்றிதழையும் நீட்டினேன். அதிகாரி நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மனிதர் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தவர், "உள்ள தங்கம் எதுவும் இல்லையே?" என்றார்.

பானை எக்ஸ்ரே பெட்டிக்குள் போய் வந்தது. திரும்பவும் போய் வந்தது. எத்தனையோ ஆண்டு வெளிநாட்டில் உழைத்தவரிடம் ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை என்பதை நம்ப இந்திய அரசுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழில் அழுபவர்களின் அழுகையை மலாயில் நீதிபதிக்குச் சொல்வது என் தொழில். வேலைவெட்டி இல்லை, கால் நன்றாக நடக்கும், இந்தியாவைப் பார்த்ததில்லை என்ற தகுதிகளைப் பார்த்து உணவக முதலாளி என்னைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு வர நேரமில்லை. சின்னையா உயிரோடு இருந்தபோது ஊருக்குப் போக லீவு கேட்டாலும் அவருக்கு யோசிக்க நேரமில்லாமல்தான் இருந்தது.

புதுக்கோட்டைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து பானையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் ஓர் அம்மாள், பூக்கூடையோடு. எந்த ஊர் என்றார். மலேசியா என்றேன். அது சரி, பூர்வீகம் எது என்றார். பாட்டனுக்குப் பாட்டன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார், அதற்கு முன்னால் தெரியாது என்றேன். குலசாமி என்றார். தெரியாது. சொந்தக்காரர்கள் பெயருக்குப் பின்னால் ஏதாவது போடுவார்களா என்றார். தகப்பன் பெயர் போடுவார்கள் என்றேன். அந்த அம்மாள் பெருமூச்சு விட்டுக் கூடையைக் கொஞ்சம் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். விடை தெரியும்வரை எச்சரிக்கையாக இருப்போம் என்ற நகர்த்தல் அது.

எங்கள் நாட்டில் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாப் படிவத்திலும் இனம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பேனாவால் குறி போட்டே என் கை தேய்ந்திருக்கிறது. இங்கே அப்படிக் கட்டம் போட்டு யாரும் கேட்பதில்லை. இவ்வளவு திறமையாக வாயால் கேட்கத் தெரிந்தவர்களுக்குப் படிவம் எதற்கு?

நார்த்தாமலை தாண்டுவதற்குள் பேருந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கினார், நடத்துநர் இறங்கினார், பிறகு பேருந்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். டயருக்கும் இஞ்சினுக்கும் சம்பந்தமில்லாத யோசனைகளும் அதில் இருந்தன. அந்தக் கூட்டத்தில் யாரும் யாருடைய குலசாமியையும் கேட்கவில்லை. வண்டி பழுதாகிக் கிடக்கும்வரை இந்த நாட்டில் சமத்துவம் நன்றாகவே இருக்கிறது.

திருக்கோகர்ணத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். பானையைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை மாஸ் என்று ஒன்று கொடுத்தார்கள். அவித்த முட்டையைத் துண்டு போட்டு வெங்காயத்தோடும் மிளகோடும் புரட்டி வாழை இலையில் தருகிறார்கள். அந்த ஒரு பண்டத்துக்காக இந்த மாவட்டத்தின் பல குற்றங்களை மன்னிக்கலாம். எல்லாவற்றையும் அல்ல.

மறுநாள் காலை பசியாறிவிட்டு முருகேசனின் ஆட்டோவில் ஏறினேன். முருகேசன் திருக்கோகர்ணத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டுப் பேசும் பழக்கமுள்ளவர். சின்னையாவின் ஊர்ப் பெயரைச் சொன்னதும் எந்தப் பக்கம், ஊரா காலனியா என்றார். காலனி என்றதும், "எனக்கு அதெல்லாம் கெடையாதுங்க. எல்லாரும் மனுசங்கதான்" என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள் அப்படியில்லை என்று சொல்லிக்கொள்ள வசதியாகப் போய்விடும்.

வழியில் ஒரு முச்சந்தியில் கோட்டுப் போட்ட தலைவர் ஒருவரின் சிலை நின்றது. அவரைச் சுற்றி இரும்புக் கூண்டு, கூண்டுக்குப் பூட்டு. இவர் என்ன குற்றம் செய்தார் என்று முருகேசனைக் கேட்டேன். சட்டம் எழுதினவருங்க என்றார். எங்கள் நாட்டில் சட்டத்தை மீறுகிறவர்களை உள்ளே வைப்பார்கள். இங்கே எழுதினவரையே உள்ளே வைத்துவிட்டு மீறுகிறவர்கள் வெளியே நின்று மாலை போடுகிறார்கள்.

ஊரின் அமைப்பை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. மேற்கே காலனி. கிழக்கே கண்மாய்க் கரையில் காலனிக்காரர்களின் இடுகாடு. நடுவில் ஊர். ஒரே ஒரு தார்ச்சாலை, காலனியில் தொடங்கி, ஊருக்குள் புகுந்து, கோயிலைத் தாண்டிக் கண்மாய்க்குப் போகிறது. காலனியில் உயிரோடு இருப்பவர்கள் அந்தச் சாலையில் பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் தேர்தல் நாளில் ஓட்டுப் போடவும் போகலாம். இறந்தவர்கள் போகக் கூடாது. அவர்கள் வயல் வரப்பில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஓட்டு இருக்கும்வரை சாலை உண்டு. மூச்சோடு சேர்ந்து இரண்டும் போய்விடுகின்றன.

சின்னையாவின் மனைவி சரோஜா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை செய்கிறவர். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்துக் கிடந்தன. பானையை இரண்டு கைகளாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை. நீதிமன்றத்தில் கற்றுக்கொண்ட ஒரே நல்ல பழக்கம், மொழிபெயர்க்க எதுவும் இல்லாதபோது வாயை மூடிக்கொண்டிருப்பது.

பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளிடம் எங்களுக்குக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். நான் குடித்தேன். முருகேசன் தனக்குச் சர்க்கரை என்று சொல்லி வேண்டாமென்றுவிட்டார். அதே முருகேசன் போகிற வழியில் ஊர் டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிக் குடித்தார். எல்லோரும் மனுசங்கதான். சிலர் வீட்டில் மட்டும் சர்க்கரை ஏறிவிடுகிறது.

பானையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். கடலில் கரைப்பார்கள் என்று நினைத்திருந்தேன், கிளம்பும்போதே மணமேல்குடிக் கடற்கரையைப் பார்த்துவிடலாம் என்று ஓர் அற்ப ஆசையும் இருந்தது. எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம், மாமனார் பக்கத்தில் புதைக்கப் போகிறேன் என்றார் சரோஜா. மாமனார் செத்தது அடைமழைக் காலமாம். வயலெல்லாம் இடுப்பளவு தண்ணீர். பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போகையில் ஒருவருக்குக் கால் சறுக்கிப் பிணம் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. சேற்றுக்குள் தேடித் தூக்கியவர் மகன் சின்னையா. நூறடி தள்ளித் தார்ச்சாலை, தண்ணீர் தேங்காமல் பளபளவென்று கிடந்தது.

இதையெல்லாம் அவர் அழாமல் சொன்னார். "இவரைத் தார் ரோட்டுலதாங்க கொண்டு போகப்போறேன். நடந்து, கையில தூக்கிக்கிட்டு" என்றார்.

நான் லாட்ஜுக்குத் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. இந்த மாவட்டத்தில் பேருந்து தாமதமாகும், கூரியர் தாமதமாகும், ஆனால் இன்னார் இன்ன தெருவில் போகப் போகிறார் என்ற செய்தி ஒருநாளும் தாமதமாவதில்லை. மாலையில் கிராம நிர்வாக அலுவலர் காலனிக்கே வந்து, மறுநாள் தாலுகா ஆபீசில் அமைதிக் கூட்டம், அதுவரை பானையை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். சரோஜா போன் செய்து என்னையும் வரச் சொன்னார். பானை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்ல ஆள் வேண்டும் என்றார்.

தாலுகா ஆபீஸ் சுவரில் தலைவர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒருவருக்கொருவர் ஒத்துவராத கருத்துகள் கொண்டவர்கள் அவர்கள் என்று படித்திருக்கிறேன், சுவரில் சுமுகமாகத்தான் தொங்கினார்கள். அவர்களுக்குக் கீழே தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்கும் கீழே ஒரு மேசை, தாசில்தார்.

தாசில்தார் ஐம்பதை நெருங்கிய பெண்மணி. களைத்த முகம், இனிய குரல். எல்லோருக்கும் டீ சொன்னார். ஊர்த் தரப்பில் மூவர் நாற்காலியில் இருந்தார்கள். அவர்களில் பேசியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வெள்ளைச் சட்டை, தங்கப் பிரேம் கண்ணாடி. சமூக அறிவியல் நடத்தியவராம், சரோஜாவுக்கே அடிப்படை உரிமைகள் பாடம் எடுத்தவராம். சரோஜாவோடு வந்த காலனி ஆண்கள் இருவரும், நாற்காலி காலியாக இருந்தும், சுவரோரம் நின்றார்கள். சரோஜா உட்கார்ந்தார், நுனியில்.

என்னை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் அலுவலக உதவியாளருக்குப் பெரிய பிரச்சினையாகிவிட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பக்கம் போனார், நின்றார், காலனிப் பக்கம் வந்தார், நின்றார். அம்மாவுக்குச் சொந்த ஊரு எந்தப் பக்கம் என்று தாசில்தாரும் இனிமையாகக் கேட்டுப் பார்த்தார். கிள்ளான் என்றேன். கடைசியில் நாற்காலியை வாசற்படியில் போட்டார்கள், பாதி உள்ளே, பாதி வெளியே. டீ கொண்டுவந்தவர் ஒவ்வொரு முறையும் என்னைத் தாண்டிக் குதித்துப் போக வேண்டியிருந்தது.

கூட்டத்தில் எடுத்துக்கொண்ட முதல் கேள்வி, சாம்பல் பிணமா இல்லையா என்பது.

தாசில்தார் அது பிணமில்லை என்ற கட்சி. பிணத்துக்கு உண்டான எல்லாம் மலேசியாவிலேயே முடிந்துவிட்டது, இங்கே வந்திருப்பது ஒரு பானை, ஆகவே பிரச்சினையே இல்லை என்றார். உடனே வருவாய் ஆய்வாளர் நான் கொடுத்த காகிதத்தைப் புரட்டி, இதில் ஏதோ மனிதன் என்று போட்டிருக்கிறதே என்று என்னிடம் அர்த்தம் கேட்டார். ‘மனித எச்சம்’ என்று சொன்னேன். எச்சம் என்றதும் ஊர்த் தரப்பில் ஒருவர் சிரித்தார். இங்கே அந்தச் சொல்லைக் காக்கை போடுவதற்கும் பயன்படுத்துகிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அத்தனை ஆண்டு மொழிபெயர்ப்பில் என் வாயிலிருந்து வந்த ஆக மோசமான சொல் அதுவாகத்தான் இருக்கும்.

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. அவர் மிகவும் மரியாதையானவர். சரோஜா நம்ம பிள்ளைதான் என்று ஆரம்பித்தார். ஊரில் யாருக்கும் யார் மேலும் வெறுப்புக் கிடையாது, நல்லது கெட்டதுக்கு நாங்கள்தான் முன்னால் நிற்போம், ஆனால் கோயில் இருக்கிற பாதை, முன்னோர் வைத்த முறை என்றார். பையில் போட்டு ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனால் ஆட்சேபணை இல்லை, ஒரு பொருள் போகிற மாதிரி போகட்டும், தூக்கிக்கொண்டு நடந்தால்தான் அது ஊர்வலம் ஆகிவிடுகிறது என்றார். இதை அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டாதது ஒன்றுதான் குறை.

தாசில்தாரின் முகம் மலர்ந்தது. பிணமாகவும் இல்லாமல் மனிதராகவும் இல்லாமல் சின்னையாவைப் பார்சலாக அனுப்பிவிட்டால் சட்டம், ஊர், பானை மூன்றுக்கும் சேதமில்லை. உடனே ஒப்பந்தம் தயாராக வந்தது. அவ்வளவு வேகத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு நடக்காது, முன்பே அடித்து வைத்திருந்தார்கள். நெடுநாள் வழக்கத்துக்கு ஊறு வராமல் நடந்துகொள்வதாக இரு தரப்பும் சம்மதிக்கிறது என்பது சாரம். ஊர்த் தரப்பு கையெழுத்துப் போட்டது. பேனா சரோஜாவிடம் வந்தது.

சரோஜா பேனாவை வாங்கவில்லை.

"ரெண்டு தரப்புங்கிறீக. அவுக ஒரு தரப்பு, நான் ஒரு தரப்பு. அந்த ரோடு எந்தத் தரப்புங்க?" என்றார்.

வருவாய் ஆய்வாளர் அதைத் தகவல் கேட்கும் கேள்வி என்று நினைத்து, ஊராட்சி ஒன்றியச் சாலைம்மா என்று பதில் சொன்னார்.

"அப்ப அரசாங்கத்து ரோடு. அரசாங்கம் மறிக்குதா, இவுக மறிக்கிறாகளா? அதை மட்டும் சொல்லுங்க, கையெழுத்துப் போடுறேன்."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தாசில்தார் என்னைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துப் போனார். நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர், எடுத்துச் சொல்லுங்கள் என்றார். பொதுப்பாதையில் போகிறவரை மறித்தால் இங்கே அது குற்றமில்லையா என்று கேட்டேன். "சட்டம் எனக்குத் தெரியாதாம்மா? மறிச்சா உள்ள தள்ளலாம். ஆனா நாளைக்கு இந்தப் பொண்ணு அந்த ஊர்லதானே இருக்கணும்? வேலை எவன் குடுப்பான்? கடையில சாமான் எவன் குடுப்பான்? நீங்க பிளைட் ஏறிருவீங்க."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அக்கறையும் உண்மையான அக்கறைதான். சரோஜாவுக்குத் தீங்கு வந்துவிடக் கூடாதே என்று சரோஜாவின் உரிமையைப் பத்திரமாக எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். எங்கள் நாட்டிலும் கோயிலை இடம் மாற்றச் சொல்ல வருகிற அதிகாரிகள் இதே குரலில்தான் பேசுவார்கள், இதே மாதிரி டீயும் தருவார்கள். இங்கே டீ இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்தது.

உள்ளே போய், எடுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்று சரோஜாவிடம் சொன்னேன். அவர் எழுந்துகொண்டார். மேலிடத்தில் கேட்டு ஒருநாள் கழித்து முடிவு சொல்கிறோம் என்றார் தாசில்தார்.

அந்த இடைப்பட்ட நாளில் முருகேசன் என்னைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனார். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இந்தியரா வெளிநாட்டவரா என்று கேட்டார்கள். முருகேசன் எனக்காக வாதாடினார். அம்மா தமிழ் பேசுறாக, மஞ்சள் பூசுறாக, எப்படி வெளிநாடு ஆவாக என்றார். நான் மஞ்சள் பூசுவதில்லை. வெளிநாட்டவர் என்று சொல்லிப் பல மடங்கு கட்டணம் வாங்கினார்கள். சந்தோஷமாகக் கொடுத்தேன். விமானத்திலிருந்து இறங்கிய நாளிலிருந்து நான் யார் என்று சந்தேகமில்லாமல் முடிவு செய்த முதல் அலுவலகம் அது.

குகைக் கூரையில் தாமரைக் குளம் வரைந்திருக்கிறார்கள். மீன், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். பாதி அழிந்தும் அழகு குறையவில்லை. மேலே பாறையில் சமணத் துறவிகள் படுத்து நோன்பிருந்த கற்படுக்கைகள். உண்ணாமல் கிடந்து அங்கேயே உயிர் விடுவார்களாம். அவர்களை எந்த வழியாகக் கீழே கொண்டுபோனார்கள் என்று காவலாளியிடம் கேட்டேன். வருகிறவர்கள் எல்லாம் ஓவியத்தைப் பற்றித்தான் கேட்பார்கள், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை என்றார். வெயிலில் இறங்கி வந்து நுங்கு சாப்பிட்டோம். முருகேசன் திடீரென்று, அன்றைக்கு அந்தச் சோடாவைக் குடித்திருக்கலாம் என்றார். திரும்பும்போது கைகளை ஸ்டியரிங்கில் வைத்தே ஓட்டினார்.

மாலையில் முடிவு வந்தது. தடுக்கச் சட்டத்தில் இடமில்லை, போகலாம். ஆனால் பறை கூடாது, பூ தூவக் கூடாது, கூட்டம் கூடாது, சீக்கிரம் போக வேண்டும். பாதுகாப்புக்குப் போலீஸ் வரும்.

போலீஸ் வந்தது. ஒரு பானைக்கு இவ்வளவு போலீசை நான் பார்த்ததில்லை. வேன்கள், கேடயங்கள், ஒரு ஆம்புலன்ஸ். சின்னையா கிள்ளானில் விசாவைக் கேட்பாரோ என்று போலீஸ்காரரைக் கண்டால் அடுக்களைக்குள் நழுவுகிறவர். இன்று அவருக்கு முன்னும் பின்னும் காக்கிச் சட்டை அணிவகுப்பு. அமைச்சர்களுக்குக் கிடைக்கிற மரியாதை, காரணம் மட்டும் வேறு.

சரோஜா குளித்துத் தலையை முடிந்து, வெளுத்த நீலப் புடவையில் வந்தார். பானையை இடுப்பில் வைத்துக்கொண்டார். பின்னால் அவருடைய இரண்டு மகள்கள், காலனி ஆட்கள் சிலர், நான். தார்ச்சாலையில் ஊருக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது ஜன்னல் கம்பிகள் வழியாகத் தெரிந்தது. ஒரு வீட்டில் தொலைக்காட்சியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தார்கள். ஏதோ சோப்பு விளம்பரம்.

இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் வெரசா போங்கம்மா" என்றார்.

"ரோட்டுல மெதுவா போறது தப்பா சார்?" என்றார் சரோஜா. திமிராகக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டார். இன்ஸ்பெக்டருக்கு எந்தச் சட்டப் பிரிவும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. நடையை அவரும் குறைத்துக்கொண்டார்.

கோயில் முன்னால் வந்ததும் சரோஜா நின்றார். லத்திகள் அசைந்தன. அவர் பானையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினார். கை வலித்திருக்கிறது, அவ்வளவுதான். பிறகு நடந்தார். தலைமையாசிரியர் தன் வீட்டு மாடியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். வானத்தில் எதையோ ஆராய்வதுபோல நாங்கள் கடந்துபோகும்வரை அப்படியே நின்றார்.

கண்மாய்க் கரையில் குழி தயாராக இருந்தது. பானையை இறக்கியபோது சரோஜா அழுதார், கீழே உட்கார்ந்து, மண்ணைக் கையால் அடித்து அழுதார். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. மகள்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். பாதுகாப்புக்கு வந்த பெண் போலீஸ் ஒருவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் முறைத்ததும் திரும்பப் போட்டுக்கொண்டார்.

எல்லாம் அமைதியாக முடிந்ததால் மறுநாள் வழக்குப் போட்டார்கள். ஊர்க்காரர்கள் மேல் ஒன்று, நாங்கள் நடந்ததற்கு முந்தின இரவு சாலையின் குறுக்கே முள் வெட்டிப் போட முயன்றதற்காக. சரோஜா மேல் ஒன்று, பொது அமைதிக்குப் பங்கம் விளைவிக்கும் வகையில் கூடியதற்காக. ஒரு பக்கம் மட்டும் போட்டால் பாரபட்சம் ஆகிவிடுமாம். நீதிமன்றத்திலேயே காலம் கழித்தவள் நான், தராசை இவ்வளவு நேராகப் பிடித்து ஓர் அநியாயத்தை நிறுத்துக் கொடுத்ததை வேறெங்கும் கண்டதில்லை.

என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பின்னணியில் வெளிநாட்டுக் கை இருப்பதாக டீக்கடையில் பேச்சாம். யார் அனுப்பினார்கள் என்று கேட்டார்கள். ஓர் உணவகம் என்றேன். அவர்கள் நோக்கம் என்ன என்றார்கள். அடுத்த மாதத்துக்குள் தேநீர் ஆற்ற வேறு ஆள் பிடிப்பது என்றேன். எழுத்தர் ஓர் இளைஞர். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் தயங்கி, மன்னித்துக்கொள்ளுங்கள், இதில் சாதி என்று ஒன்று கேட்கிறது என்றார். தெரியாது என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கேள்வியை எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை. ‘தெரியாது’ என்று அப்படியே எழுதினார். அந்த மாவட்டத்தில் என் பதிலை நம்பிய ஒரே மனிதர் அவர்தான்.

கிளம்புவதற்கு முன் காலனிக்குப் போனேன். தாசில்தார் சொன்னதெல்லாம் பலித்திருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்க இனி வர வேண்டாமென்று சரோஜாவுக்குச் சொல்லிவிட்டார்களாம். ஊர் மளிகைக் கடையில் எண்ணெய் தீர்ந்துவிட்டது, பருப்புத் தீர்ந்துவிட்டது, காலனிக்காரர்கள் போகும்போது மட்டும். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, என்னோடு வந்து கொஞ்ச நாள் இருங்கள் என்றேன். சரோஜா சிரித்தார். நான் அங்கிட்டு வந்துட்டா இங்கிட்டு யாருங்க இருப்பா என்றார். முருகேசன் உள்ளே வந்து, கேட்காமலே ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவரைத் தவிர.

கிள்ளானுக்கு வந்த பிறகு சரோஜா அவ்வப்போது போன் செய்வார். வாய்தாவுக்குப் போய் வருவதைச் சொல்வார். ஆதனக்கோட்டைப் பக்கம் இரண்டு பஸ் மாறிப் போய் வேறு இடத்தில் கொட்டை உடைக்கிறாராம். மழைக்காலத்தில் காலனியில் ஒரு முதியவர் இறந்துபோனதைச் சொன்னார். வயலெல்லாம் தண்ணீர். யாரிடமும் கேட்காமல் தார்ச்சாலையிலேயே கொண்டுபோனார்களாம். தகவல் தெரிந்து இரண்டு போலீஸ்காரர்கள் குடையோடு வந்து, கோயில் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றுவிட்டுப் போனார்களாம். கதவுகள் சாத்தியேதான் இருந்தனவாம்.

போன வாரம் பேசியபோது, வேறு என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"ஹெட்மாஸ்டர் சாரோட அம்மா செத்துப்போச்சுங்க. பெரிய சாவு. வேட்டு, பூப்பல்லக்கு எல்லாம் வச்சு அதே ரோட்டுலதான் கொண்டு போனாக" என்றார் சரோஜா. பிறகு சொன்னார்:

"நாங்க யாரும் மறிக்கலைங்க."